சாறு ஹீட்டரின் வெப்பநிலை இறங்கிக்கொண்டே போகிறது: பெரிய பம்பா, புதிய ஹீட்டரா?

கேள்வி: பாய்லிங்ஹவுஸ்

அனைவருக்கும் வணக்கம். நாளொன்றுக்கு 2,500 டன் கரும்பு அரைத்து, இரட்டை சல்பிடேஷன் முறையில் வெள்ளைச் சர்க்கரை எடுக்கும் ஓர் ஆலையின் பாய்லிங் ஹவுஸில் நான் பொறியாளராகப் பணிபுரிகிறேன். சுண்ணாம்புப் பாலும் கந்தகப் புகையும் சேர்த்த சாற்றைக் கிளாரிஃபையருக்கு (அழுக்கைப் படியவைத்துச் சாற்றைத் தெளிவாக்கும் தொட்டிக்கு) அனுப்புவதற்கு முன் சூடாக்கும் ஹீட்டர்களைப் பற்றியது என் கேள்வி.

வரிசையாக இணைக்கப்பட்ட இரண்டு செங்குத்து ஹீட்டர்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றின் வெப்பப் பரப்பும் சுமார் 110 சதுர மீட்டர்; 4 மீட்டர் நீளமும் 45 மி.மீ வெளிவிட்டமும் கொண்ட டியூப்கள், பாஸ் (சாறு ஹீட்டரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒருமுறை ஓடும் ஓட்டம்) ஒன்றுக்கு 12 என்ற கணக்கில் 16 பாஸ்கள். டியூப்களுக்குள் சாறு ஓடுகிறது. டியூப்களைச் சூழ்ந்த ஷெல்லுக்குள், ஆவியாக்கியின் முதல் பாடியில் (முதல் கொதிகலத்தில்) சாறு கொதித்து எழும் 110 டிகிரி நீராவி, அதாவது வேப்பர், வருகிறது. சாற்றின் அளவு மணிக்கு 105 டன். உள்ளே வரும்போது 68 டிகிரி. வெளியேறும்போது 103 டிகிரி இருக்க வேண்டும்.

இரண்டு பருவங்களுக்கு முன்புவரை, சுத்தம் செய்து ஓடத் தொடங்கிய அன்று 103 டிகிரி கிடைத்துவந்தது. இப்போது சுத்தம் செய்த அன்றே 100 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. பத்தாம் நாள் 94 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சாறு கொதிநிலையைத் தாண்டாமல் ஃபிளாஷ் டேங்கிற்கு (சாறு சட்டென்று கொதித்துக் காற்றை வெளியேற்றும் தொட்டிக்கு) போவதால் அதில் கரைந்துள்ள காற்று வெளியேறுவதில்லை. நுண்சக்கை கிளாரிஃபையரில் அடியில் படியாமல் மிதக்கிறது. தெளிந்த சாறு கலங்கலாக வருகிறது. வேறு வழியின்றி, இருப்பில் உள்ள மூன்றாவது ஹீட்டரில் எக்ஸாஸ்ட் நீராவியை (டர்பைனிலிருந்து வெளிவரும் நீராவியை) கொடுத்து 94 டிகிரியிலிருந்து 103 டிகிரிக்கு ஏற்றுகிறோம். என் கணக்குப்படி இதற்கு மணிக்கு 1.6 டன் நீராவி கூடுதலாகச் செலவாகிறது.

ஆலைக்குள் நான்கு கருத்துகள் உள்ளன. சாற்றுப் பம்பைப் பெரிதாக்கினால் வேகம் கூடி வெப்பம் நன்றாக ஏறும் என்கிறார் ஒருவர். டியூப்களுக்குள் முறுக்கிய தகடுகளைச் செருகலாம் என்கிறார் மற்றொருவர். இரண்டு பருவங்களுக்கு முன் பித்தளை டியூப்களை எடுத்துவிட்டு எஸ்.எஸ். 304 டியூப்களைப் போட்டதே காரணம் என்பது பழைய பணியாளர்களின் உறுதியான எண்ணம். நிர்வாகம் இன்னொரு 110 சதுர மீட்டர் ஹீட்டரை வாங்கிச் சேர்க்கத் தயாராக இருக்கிறது. பணத்தைச் செலவழித்துவிட்டு அடுத்த பருவத்திலும் இதே நிலையில் நிற்க நேரிடுமோ என்று அஞ்சுகிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.


மறுமொழி: வெப்பக்கணக்கு

தாங்கள் தேவையான அளவீடுகளை எல்லாம் தந்திருப்பதால் இதை ஊகிக்க வேண்டிய அவசியமில்லை, கணக்கிட்டே பார்த்துவிடலாம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். வெப்பமானிகளைச் சரிபாருங்கள். தெர்மோவெல்லில் (வெப்பமானியைச் செருகும் உறையில்) எண்ணெய் வற்றிப்போயிருந்தால் இரண்டு, மூன்று டிகிரி குறைவாகக் காட்டுவது இயல்பு. கீழே வரும் கணக்கு முழுவதும் அந்த இரண்டு, மூன்று டிகிரிகளின் மேல்தான் நிற்கிறது.

மணிக்கு 105 டன் என்பது நொடிக்கு 29.2 கிலோ. சாற்றின் வெப்ப ஏற்புத்திறன் சுமார் 3.8 கிலோஜூல் என்று கொண்டால், சாறு ஒரு டிகிரி ஏறுவதற்கு ஏறத்தாழ 111 கிலோவாட் தேவை. வேப்பர் ஒரே வெப்பநிலையில் நீராக ஒடுங்குவதால் கணக்கு எளிது. நுழைவாயிலில் வேப்பருக்கும் சாற்றுக்கும் உள்ள வேறுபாடு 42 டிகிரி. அதை வெளிவாயிலில் உள்ள வேறுபாட்டால் வகுத்து, கிடைக்கும் எண்ணின் இயற்கை மடக்கையை எடுத்து, 111 ஆல் பெருக்கி, 220 சதுர மீட்டர் பரப்பால் வகுத்தால் மொத்த வெப்பப் பரிமாற்றக் கெழு கிடைத்துவிடும். 103 டிகிரி கிடைத்த காலத்தில் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 903 வாட். இப்போது சுத்தம் செய்த அன்று 723. பத்தாம் நாள் 486.

இந்த எண்களைத் தலைகீழாக்கி வெப்பத் தடையாகப் பார்த்தால்தான் விஷயம் துலங்கும், ஏனெனில் தடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டலாம், கழிக்கலாம். கெழுக்களை அவ்வாறு செய்ய இயலாது. படிக்க எளிதாக இருப்பதற்காகத் தடையை ஒரு லட்சத்தால் பெருக்கித் தருகிறேன். பழைய நல்ல நிலையில் 111. இன்று சுத்தம் செய்தவுடன் 138. பத்தாம் நாள் 206. ஆக மொத்தம் 95 அலகு தடை கூடியிருக்கிறது. அதில் 68 பத்து நாட்களில் டியூப்களுக்குள் படியும் ஸ்கேல். மீதி 27 அலகு சுத்தம் செய்தாலும் போகாத தடை. இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தீர்க்காது.

இனி தாங்கள் குறிப்பிட்ட நான்கு கருத்துகளையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் பம்ப். சாற்றின் அளவை நிர்ணயிப்பது அரைவையே தவிர பம்ப் அன்று. மணிக்கு 105 டன் சாறுதான் வருகிறது என்றால் எவ்வளவு பெரிய பம்பைப் போட்டாலும் டியூப்களுக்குள் அதே 105 டன்தான் ஓடும். சூடான சாற்றையே திருப்பி விட்டுச் சுழற்றினால் வேகம் கூடும். ஆனால் நுழைவாயில் வெப்பநிலையும் கூடி, வேறுபாடு குறைந்துவிடும். பாஸ்களின் எண்ணிக்கையை மாற்றினால் மட்டுமே வேகத்தை உண்மையாகக் கூட்ட முடியும். இப்போது தங்கள் டியூப்களில் வேகம் நொடிக்கு 1.6 மீட்டருக்குச் சற்று மேல் உள்ளது. இந்த வேகத்தில், சுவரை ஒட்டி மெதுவாக ஓடும் சாற்றுப் படலத்தின் தடை என் கணக்கில் வெறும் 14 அலகு. வேகத்தை இரட்டிப்பாக்கினால், கெழு வேகத்தின் 0.8 ஆம் அடுக்காக உயரும் என்பதால், 14 என்பது 8 ஆகும். 206 இல் 6 அலகு மிச்சம். அதற்கு விலையாக, பாஸ்கள் இரட்டித்துச் சாறு ஓடும் தூரமும் இரட்டிப்பதால், அழுத்த இழப்பு ஏழெட்டு மடங்காகும். வேகம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 1.5 மீட்டருக்குக் கீழே போனால் நுண்சக்கையும் சேறும் சுவரில் ஒட்டத் தொடங்கும்; ஸ்கேல் விரைவாக வளரும். சாறு ஹீட்டரில் வேகத்தின் முதன்மையான பணி சுவரைத் துடைத்துக்கொண்டே இருப்பதுதான். அந்த அளவுக்குத் தங்களிடம் வேகம் இருக்கிறது.

முறுக்கிய தகடுகளும் இதே படலத் தடையைத்தான் குறைக்கின்றன. எண்ணெய்க் குளிர்விப்பான்களில், பாகுத்தன்மை மிகுந்த திரவம் டியூப்பிற்குள் அமைதியாக ஓடும் இடங்களில், அவை மிகுந்த பலன் தருபவை. அங்கே மொத்தத் தடையில் பெரும்பங்கு அந்தப் படலம்தான். தங்கள் சாற்றிலோ நுண்சக்கை இருக்கிறது; தகட்டின் விளிம்பில் அது சிக்கி அடைக்கும்; பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யவும் வழியில்லாமல் போகும். இந்த யோசனையைக் கைவிடுமாறு உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

டியூப் உலோகத்தைப் பற்றிய குற்றச்சாட்டில் உண்மை உண்டு, ஆனால் அளவு சிறியது. 1.5 மி.மீ பித்தளைச் சுவரின் தடை 1.4 அலகு. எஸ்.எஸ். 304 வெப்பத்தைக் கடத்தும் திறன் பித்தளையில் ஏழில் ஒரு பங்கு அளவே என்பதால், 1.2 மி.மீ சுவருக்கு 7.5 அலகு. கூடுதல் 6 அலகு. போகாத 27 இல் இந்த ஆறுக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது. மீதி 21 எங்கோ ஒளிந்திருக்கிறது.

புதிய ஹீட்டரைப் பற்றிக் கடைசியாக. பரப்பை 220 இலிருந்து 330 சதுர மீட்டராக்கி, அதே 486 வாட் கெழுவை வைத்துக் கணக்கிட்டால் பத்தாம் நாள் சாறு 100 டிகிரியில் வெளியேறும். மூன்று ஹீட்டர்களை வைத்துக்கொண்டு, இன்று இரண்டு ஹீட்டர்கள் சுத்தமாக இருக்கும் நாளில் கிடைப்பதைத்தான் பெறுவீர்கள். 103 அப்போதும் வராது.

டியூப்களுக்குள் எல்லாம் சரியென்றால் அந்த 21 அலகு ஷெல் பக்கத்தில் இருக்கலாம், அல்லது சாறு தான் போக வேண்டிய வழியில் முழுமையாகப் போகாமல் இருக்கலாம். இதைக் களத்தில் பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


மறுமொழி: முப்பதுபருவம்

மேலே நண்பர் போட்ட கணக்கை நான் என் பணிக்காலத்தில் ஒருமுறையும் காகிதத்தில் போட்டதில்லை. ஆனால் அவர் தேடும் 21 அலகு எங்கே இருக்கும் என்பதைக் கைகளால் தேடிக் கண்டுபிடித்த அனுபவம் உண்டு. அநேகமாக மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். சில சமயம் மூன்றிலும் இருக்கும்.

முதலாவது, வென்ட், அதாவது ஷெல்லில் சேரும் வாயுக்களை வெளியேற்றும் குழாய். முதல் பாடி வேப்பரில் நீராவி மட்டும் வருவதில்லை. சாறு கொதிக்கும்போது அதில் கரைந்திருந்த காற்றும், சாற்றிலுள்ள நைட்ரஜன் சேர்மங்கள் சிதைவதால் உண்டாகும் அம்மோனியாவும் கூடவே வருகின்றன. நீராவி ஒடுங்கி நீராகிக் கீழே இறங்கிவிடும். இந்த வாயுக்கள் ஒடுங்காமல் ஷெல்லிலேயே தங்கி, வேப்பர் நுழையும் இடத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள மூலையில் போர்வைபோல டியூப்களை மூடிக்கொள்ளும். அசைவற்ற நீராவியில் எடையில் அரை சதவீதம் காற்று கலந்திருந்தாலே ஒடுங்கும் வேகம் பாதியாகக் குறையக்கூடும் என்று பாடநூல்களே சொல்கின்றன. ஷெல் அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று அழுத்தமானியைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. அழுத்தமானிக்கு நீராவியும் காற்றும் ஒன்றுதான். ஷெல்லின் கடைசி மூலையில் வெப்பநிலையை அளந்து பாருங்கள். தங்கள் ஷெல்லில் 110 டிகிரிக்கு உரிய அழுத்தம், அதாவது மானியில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.43 கிலோ, இருக்கும்போது அந்த மூலையில் 104 டிகிரி மட்டுமே இருந்தால், நீராவி அட்டவணையைக் கொண்டு கணக்கிட்டால் அங்குள்ள கலவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒடுங்காத வாயு என்று வரும். அந்தப் பகுதி டியூப்கள் அநேகமாகச் சும்மாவே நிற்கின்றன என்று பொருள்.

வென்ட் வால்வு திறந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பாமல் குழாயைத் தொட்டுப் பாருங்கள், கையுறையோடு. வால்வு திறந்திருக்கும், குழாய் உள்ளே துருவால் அடைத்திருக்கும், குழாய் குளிர்ந்திருக்கும். நீராவி வீணாகிறது என்று யாரோ ஒரு ஷிஃப்டில் வென்டை இறுக மூடிவிட்டுப் போய், அது ஒரு பருவம் முழுவதும் அப்படியே கிடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, கண்டன்சேட், அதாவது வேப்பர் ஒடுங்கி உண்டாகும் நீர். அது தடையின்றி இறங்க வேண்டும். நீரை மட்டும் வெளியே விடும் டிராப் பழுதாகியோ, வெளியேறும் குழாய் சிறியதாகியோ ஷெல்லின் அடியில் 40 செ.மீ உயரத்திற்கு நீர் தேங்கினால், 4 மீட்டர் டியூப்பில் பத்தில் ஒரு பங்கு பரப்பு நீருக்குள் மூழ்கி வேலைக்கு ஆகாமல் போய்விடும். கேஜ் கண்ணாடி இருந்தால் பார்க்கலாம். இல்லையென்றால் ஷெல்லின் வெளிச்சுவரில் கீழிருந்து மேலாக வெப்பநிலையை அளந்துகொண்டே வாருங்கள். நீர் நிற்கும் உயரம் வரை குறைவாகவும் அதற்கு மேல் திடீரென்று கூடுதலாகவும் காட்டும்.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. செங்குத்து ஹீட்டரின் மேல் மூடியிலும் கீழ் மூடியிலும் பாஸ்களைப் பிரிக்கும் தடுப்புத் தகடுகள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் விளிம்பில் உள்ள ரப்பர் கேஸ்கட் தேய்ந்தாலோ, தகடே அரித்துப்போனாலோ, சாறு டியூப்பிற்குள் போகாமல் ஒரு பாஸிலிருந்து அடுத்த பாஸுக்குக் குறுக்கே பாய்ந்துவிடும். மூடி வெளியே ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். இந்த ஒழுக்கு உள்ளுக்குள் நடப்பதால் தெரியாது. கண்டுபிடிக்கும் வழி அழுத்த இழப்புதான். ஒவ்வொரு ஹீட்டரின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் ஒரே அழுத்தமானியை மாற்றி மாற்றிப் பொருத்தி அளந்து பாருங்கள். ஸ்கேல் படிந்தால் அழுத்த இழப்பு கூடும். குறுக்கே பாய்ந்தால் குறையும். ஒரே அளவுள்ள இரண்டு ஹீட்டர்களில் ஒன்றில் மட்டும் குறைவாக இருந்தால் அதன் மூடியை அடுத்த நிறுத்தத்தில் முதலில் திறவுங்கள். மூடியைத் திறந்து கேஸ்கட்டில் சுண்ணாம்பைத் தடவி, மூடி அழுத்திவிட்டு மீண்டும் திறந்தால், தகட்டின் விளிம்பில் சுண்ணாம்பு ஒட்டாத இடம் எதுவோ அதுவே ஒழுகும் இடம்.

ஸ்கேலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் 95 இல் 68 அதுதான். அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு ஒரு வாட் என்று கொண்டால் 68 அலகு தடை என்பது 0.7 மி.மீ தடிமன்கூட இல்லை. நகத்தின் தடிமனைவிடச் சற்றே கூடுதலான ஒரு படலம் இவ்வளவு வெப்பத்தைத் தடுக்கிறது. சல்பிடேஷன் சாற்றில் படிவது பெரும்பாலும் கால்சியத்தின் சல்பைட், பாஸ்பேட் உப்புகளும் அவற்றோடு ஒட்டிக்கொண்ட கரிமப் பொருள்களும். காஸ்டிக் கரைசலைக் கொதிக்கவிட்டால் கரிமப் பொருள் இளகும். அதன்பின் நன்றாகக் கழுவி பிரஷ் விட்டால் பெரும்பகுதி வந்துவிடும். பிறகும் ஒட்டியிருப்பதற்கு, அரிப்புத் தடுப்பான் சேர்த்த சல்ஃபாமிக் அமிலம் பொருந்தும். எஸ்.எஸ். டியூப்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். குளோரைடு அந்த எஃகில் குழி குழியாக அரிக்கும். மிக முக்கியமாக, சல்பைட் படிவின்மேல் எந்த அமிலம் பட்டாலும் கந்தக டை ஆக்சைடு வாயு கிளம்பும். மூடியைத் திறந்துவைத்து, காற்றோட்டம் உறுதி செய்து, முகமூடி அணியாத எவரையும் அருகில் விடாமல்தான் அமிலத்தை விட வேண்டும். இதில் அவசரம் காட்டியதால் மூச்சுத் திணறி விழுந்த உதவியாளர் ஒருவரை நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆகவேதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. இரண்டு ஹீட்டர்களையும் பத்து நாட்களுக்கு ஒருமுறை சேர்த்தே சுத்தம் செய்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மூன்றாவது ஹீட்டர்தான் இருக்கிறதே. அதற்கும் முதல் பாடி வேப்பர் இணைப்பைக் கொடுத்துவிட்டு, ஐந்து நாட்களுக்கு ஒன்றாக முறைவைத்து வெளியே எடுங்கள். அப்போது எந்த நாளிலும் இரண்டு ஹீட்டர்களும் ஒருசேரப் பத்து நாள் ஸ்கேலோடு ஓடும் நிலை வராது.


மறுமொழி: சக்கைநீராவி

ஹீட்டரைப் பற்றி மேலே இருவரும் சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். மணிக்கு 1.6 டன் நீராவி என்ற கணக்கை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது, ஏனெனில் நிர்வாகத்திடம் அந்த எண்ணைக் கொடுத்துப் பிறகு அவ்வளவு மிச்சம் வராவிட்டால் தங்கள் மேல்தான் பழி வரும்.

எக்ஸாஸ்டில் 1.6 டன் செலவாவது உண்மைதான். ஆனால் ஹீட்டர் நன்றாக ஓடினால் அந்த வெப்பத்தை முதல் பாடி வேப்பரிலிருந்து எடுப்பீர்கள். அந்த வேப்பரும் எக்ஸாஸ்ட் நீராவியைச் செலவழித்துத்தானே உண்டாகிறது? நான்கு பாடிகள் கொண்ட ஆவியாக்கியில் ஒரு டன் நீராவி ஏறத்தாழ நான்கு டன் நீரை ஆவியாக்குகிறது. முதல் பாடியிலிருந்து ஒரு டன் வேப்பரை வெளியே எடுத்தால், அது ஏற்கெனவே ஒரு டன் நீரை ஆவியாக்கிவிட்டு வருகிறது. ஆகவே கால் டன் நீராவி மிச்சம். இரண்டாம் பாடியிலிருந்து எடுத்தால் அரை டன் மிச்சம். நார்பெர்ட் ரில்லியூ 1843 இல் பல்பாடி ஆவியாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். எந்தப் பாடியிலிருந்து எடுக்கிறோமோ அந்த எண்ணை மொத்தப் பாடிகளின் எண்ணால் வகுத்தால் வருவதே மிச்சம் என்னும் விதி இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. ஆக, தங்கள் உண்மையான இழப்பு மணிக்கு 0.4 டன். நாளொன்றுக்குப் பத்து டன். அதுவும் சிறிதன்று, ஆனால் 1.6 என்று எழுதாதீர்கள்.

புதிய ஹீட்டரை வாங்கும் பணம் ஒதுக்கப்பட்டுவிட்டது என்றால் அதை வீணாக்க வேண்டாம். வேறு இடத்தில் பொருத்துங்கள். 68 டிகிரியில் வரும் சாற்றுக்கு 110 டிகிரி வேப்பர் எதற்கு? இரண்டாம் பாடி வேப்பர் சுமார் 100 டிகிரியில் இருக்குமானால், முதல் ஹீட்டரில் அதைக் கொடுத்துச் சாற்றை 86 டிகிரிவரை ஏற்றலாம். இதற்கு மணிக்கு 3.2 டன் வேப்பர் வேண்டும். அதை முதல் பாடியிலிருந்து இரண்டாம் பாடிக்கு மாற்றினால் கூடுதலாகக் கால் பங்கு, அதாவது மணிக்கு 0.8 டன் நீராவி மிச்சமாகும். 86 இலிருந்து 103 வரை ஏற்ற மற்ற இரண்டு ஹீட்டர்களுக்கும் இப்போதுள்ள முதல் பாடி வேப்பரே போதும். அவற்றின் கெழு 620 வாட் இருந்தாலே கணக்கு நேராகிவிடும். நான்காவது ஹீட்டர் சுத்தம் செய்வதற்கான முறையில் நிற்கும். இரண்டாம் பாடிக்கு அவ்வளவு வேப்பரைத் தரும் பரப்பு இருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு பாடிகளும் சிறியவையாக இருந்தால் ஆவியாக்கியில் பாகின் அடர்த்தி இறங்கிவிடும்.

நேரடித் தொடர்பு ஹீட்டரைப் பற்றியும் யாராவது தங்களிடம் பேசுவார்கள். வேப்பரைச் சாற்றிலேயே கலந்துவிடும் அமைப்பு அது. சுவரே இல்லை என்பதால் ஸ்கேலும் இல்லை. ஆனால் ஒடுங்கும் வேப்பர் முழுவதும் சாற்றில் நீராகச் சேரும். கடைசி ஒன்பது டிகிரிக்கு மட்டும் பயன்படுத்தினால் மணிக்கு 1.6 டன் நீர், சாற்றில் ஒன்றரை சதவீதம், கூடுதலாகச் சேர்ந்து, அதை மறுபடியும் ஆவியாக்க வேண்டியிருக்கும். இரண்டாம் பாடி வேப்பரைவிடக் குறைந்த அழுத்தமுள்ள வேப்பரைக் கொண்டு, சாறு குளிர்ந்திருக்கும் முதல் கட்டத்தில் வைத்தால் அது நல்ல கருவி. தங்கள் இடத்திற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.


மறுமொழி: பாய்லிங்ஹவுஸ்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சென்ற வாரம் சுத்தம் செய்வதற்காக நிறுத்திய நேரத்தில் தாங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம், விவரங்களை எழுதுகிறேன்.

வெப்பமானிகளில் பிழை ஏதும் பெரிதாக இல்லை. தெர்மோவெல்களில் எண்ணெய் ஊற்றிய பிறகு அரை டிகிரி மட்டும் கூடியது; அதுவும் நுழைவிலும் வெளியேற்றத்திலும் ஒரே அளவாகக் கூடியது.

நிறுத்துவதற்கு முன்பே ஷெல்லின் கடைசி மூலையில் அளந்தோம். முதல் ஹீட்டரில் 109 டிகிரி. இரண்டாவது ஹீட்டரில் 105 டிகிரி. வென்ட் வால்வு முழுவதும் திறந்தே இருந்தது. குழாய் கையால் பிடிக்கும் அளவுக்கு ஆறியிருந்தது. குழாயைக் கழற்றியபோது வளைவு ஒன்றில் துருவும் படிவும் சேர்ந்து, பென்சில் நுழையும் அளவுக்குக்கூட வழியில்லாமல் இருந்தது. கண்டன்சேட் இரண்டிலும் நன்றாக இறங்குகிறது.

அழுத்த இழப்பு முதல் ஹீட்டரில் 1.2 கிலோ, இரண்டாவதில் 0.8 கிலோ. இரண்டும் ஒரே நாளில் சுத்தம் செய்யப்பட்டவை, ஒரே அளவு ஸ்கேல் இருந்திருக்க வேண்டியவை. இரண்டாவதின் கீழ் மூடியைத் திறந்தபோது இரண்டு தடுப்புத் தகடுகளின் விளிம்பில் கேஸ்கட் இருந்த அடையாளமே இல்லை. ஒரு தகட்டின் ஓரம் அலை அலையாக அரித்துப்போயிருந்தது. டியூப்களை மாற்றிய காலத்தில் மூடிகளைக் கழற்றி மாட்டியபோது கேஸ்கட் சரியாக உட்காரவில்லை என்று நினைக்கிறேன். பழைய பணியாளர்கள் டியூப்களைக் குறை சொன்னது ஏன் என்பது இப்போதுதான் விளங்குகிறது: காலம் அவர்களுக்குச் சரியாகவே நினைவிருந்தது; காரணம் மட்டும் பக்கத்தில் இருந்தது.

தகட்டின் ஓரத்தைப் பற்றவைத்து மட்டப்படுத்தி, புதிய கேஸ்கட் போட்டு, வென்ட் குழாயை ஒரு அளவு பெரிதாக மாற்றி, ஓட விட்டோம். முதல் நாள் 102 டிகிரி வந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் கெழு 835 வாட், தடை 120 அலகு. பழைய 111 உடன் ஒப்பிட்டால் 9 அலகுதான் மீதி. அதில் ஆறு டியூப் உலோகத்தினுடையது. மூன்றாவது ஹீட்டருக்கு வேப்பர் இணைப்புக் கொடுக்கும் பணி நடக்கிறது. முடிந்ததும் ஐந்து நாள் முறை தொடங்கும்.

நிர்வாகத்திற்கு 0.4 டன் என்றே எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் பாடி வேப்பரைப் பயன்படுத்தும் யோசனையை அடுத்த பருவத்திற்கு முன் ஆராயச் சம்மதித்திருக்கிறார்கள். அதுவரை புதிய ஹீட்டருக்கான ஆணை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.

ஒரே ஒரு ஐயம். பெரிய வென்ட் குழாயை எவ்வளவு திறந்து வைப்பது? முழுவதும் திறந்தால் வேப்பர் நிறையப் போகிறது.


மறுமொழி: முப்பதுபருவம்

படித்து மிகவும் மகிழ்ந்தேன். வென்டை முழுவதும் திறந்துவிட்டு, கடைசி மூலை வெப்பநிலை நிலைபெறும் வரை காத்திருங்கள். 109 டிகிரிக்கு வரும். பிறகு வால்வைச் சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் பொறுங்கள். வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கும் இடம் வந்ததும் அரைச் சுற்று திருப்பித் திறந்து அந்த நிலையில் வால்வின் தண்டில் பெயின்ட் அடையாளம் போட்டுவிடுங்கள். அடையாளத்தைத் தாண்டி எவரும் மூடக் கூடாது என்று ஷிஃப்ட் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் குழாயின் வாய் பணியாளர்கள் நிற்கும் மேடைப் பக்கம் இருந்தால் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடுங்கள். வெளிவருவதில் அம்மோனியா இருக்கும். கடைசி மூலைக்கு நிரந்தரமாக ஒரு தெர்மோவெல் பற்றவைத்து, அந்த வெப்பநிலையையும் இரண்டு ஹீட்டர்களின் அழுத்த இழப்பையும் ஷிஃப்டுக்கு ஒருமுறை எழுதி வையுங்கள்.